விளைச்சலை எதனால் வகுப்பது?

நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை என்று தமிழ் உழவர் மரபு நடவு இடைவெளியைச் சொல்லி வைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் விலங்கும் வண்டியும் சற்று இடம் மாறினாலும் அளக்கும் முறை மாறுவதில்லை. இரு பயிர்களுக்கிடையே விடவேண்டிய தூரம் சாணாலோ முழத்தாலோ சொல்லப்படாமல், அந்தச் சந்தில் எது இடிபடாமல் போய்வர முடியுமோ அதைக்கொண்டு சொல்லப்படுகிறது. இந்த வரிசையில் காய்கறி ஒன்றுகூட இல்லை என்பது கவனத்திற்குரியது. கத்தரிக்கு ஒரு விலங்கோ வெண்டைக்கு ஒரு வண்டியோ ஒதுக்கப்படாமல் போனதற்குக் காரணம், நெல்லும் கரும்பும் வாழையும் தென்னையும் ஆயிரக்கணக்கில் நிற்கும் வயல் பயிர்களாகவும் தோப்புப் பயிர்களாகவும் இருக்க, வீட்டுக் காய்கறி புறவாசலில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் வழியில் ஒன்றிரண்டாக நின்றதுதான் என்று தோன்றுகிறது. தனியாக நிற்கும் செடிக்கு இடைவெளி என்ற சிக்கல் கிடையாது. இரண்டாவது செடி நடப்படும்போது அது தொடங்குகிறது. இரண்டாவது செடி வேறொரு வகையாகவும் இருந்துவிட்டால், விளைச்சலில் தெரியும் வேறுபாடு வகையால் வந்ததா இடத்தால் வந்ததா என்ற இன்னொரு சிக்கலும் கூடவே முளைக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்தச் சிக்கல்களுக்கு ஒரே விடை இருக்க வழியில்லை. வடக்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் விரிந்து கிடக்கிறது. தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் பனையைத் தாங்கி நிற்கின்றன. இவற்றுக்கு நடுவே தாமிரபரணி தன் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து, ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை வண்டலைப் பரப்பிக்கொண்டு போகிறது. துறைமுக நகரத்தை ஒட்டியோ உப்பளங்களும் உவர்நீர்க் கிணறுகளும். ஒரே விதைப் பொட்டலம் இந்த நான்கு மண்ணிலும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். ஆகவே இங்கே எந்த வகை நல்ல வகை, எந்த இடைவெளி சரியான இடைவெளி என்று கேட்பதற்கு முன்னால், விளைச்சல் என்று சொல்லப்படுவது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விளைச்சல் என்பது ஒரு வகுத்தல் கணக்கின் ஈவு. பறித்த காயின் எடையை எதனாலாவது வகுத்துத்தான் அது சொல்லப்படுகிறது. விதை விற்பவர் செடிக்கு இத்தனை கிலோ என்கிறார். வேளாண் ஆராய்ச்சி நிலையம் எக்டருக்கு இத்தனை டன் என்கிறது. வணிக விவசாயி போட்ட பணத்திற்கு வந்த பணம் என்கிறார். மூவரும் ஒரே காயைப் பற்றிப் பேசினாலும் மூவரும் பேசுவது மூன்று வெவ்வேறு எண்கள். செடிக்கு வரும் எடை இடைவெளி கூடக்கூட உயரும், நிலத்திற்கு வரும் எடை ஒரு கட்டம் வரை இடைவெளி குறையக் குறைய உயரும் என்பதால், வகுக்கும் எண்ணை மாற்றுகிறவர் சிறந்த வகையின் பெயரையே மாற்றிவிட முடியும்.

இதை விளங்கிக்கொள்ள இம்மாவட்டத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள எப்போதும்வென்றான் என்ற ஊரின் நாட்டு முருங்கையிலிருந்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தனிவழித் தேர்வு முறையில், அதாவது ஒரு நல்ல செடியின் வழித்தோன்றல்களை மட்டும் பிரித்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகத் தூய்மைப்படுத்தும் முறையில், பி.கே.எம். 1 என்ற வகையை உருவாக்கி 1989இல் வெளியிட்டது. அதுவரை வீடுகளில் நின்றவை பெரும்பாலும் மரமுருங்கைகள், போத்து எனப்படும் கிளைத்துண்டை ஊன்றி வளர்க்கப்பட்டவை, ஆண்டுக்கணக்கில் நிற்பவை, ஐந்து ஆறு மீட்டர் இடம் கேட்பவை. பி.கே.எம். 1 செடிமுருங்கை என்று பெயர் பெற்றது. அது விதையிலிருந்து வளர்ந்து, விதைத்த ஆறு மாதத்திற்குள் காய்க்கத் தொடங்கிவிடும். 45 செ.மீ. ஆழமும் அகலமுமுள்ள குழியில் இரண்டிரண்டு விதையாக ஊன்றி, செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, மேலே ஓடும் மரம் கீழேயே படர்ந்து கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். ஓராண்டு முடிந்தபின் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டுக் கவாத்து செய்தால் நான்கைந்து மாதத்தில் மறுதாம்புக் காய்ப்புக்கு வரும். இப்படி மூன்றாண்டு வரை வைத்திருக்கலாம்.

செடியின் உருவம் சுருங்கியதும் இடைவெளியும் சுருங்கியது. பரிந்துரைக்கப்பட்ட தூரம் எல்லாப் பக்கமும் 2.5 மீட்டர், அந்தக் கணக்கில் ஒரு எக்டரில் 1600 செடிகள் நிற்கும். இவ்வகைக்குச் சொல்லப்படும் விளைச்சல் எக்டருக்கு 50 முதல் 55 டன். செடிக்கு ஏறத்தாழ 220 காய்கள், காய் ஒன்று சுமார் 150 கிராம் என்றால் ஒரு செடிக்கு 33 கிலோ. அதை 1600ஆல் பெருக்கினால் 52.8 டன். எக்டர்க் கணக்கு சொல்லும் டன்னுக்குள்ளேயே இடைவெளி ஒளிந்துகொண்டிருப்பதை இந்தப் பெருக்கல் காட்டிவிடுகிறது. பின்னால் 2000த்தில் வந்த பி.கே.எம். 2 கலப்பின் வழித்தோன்றல். அதன் பெற்றோரில் ஒன்றும் எப்போதும்வென்றான் வழியில் வந்ததே. அதன் செடியிலும் காய் எண்ணிக்கை அதே 220தான்; காய் மட்டும் 280 கிராம் எடையும் ஒன்றேகால் மீட்டர் நீளமும் கொண்டது; ஆகவே எக்டர்க் கணக்கு 98 டன்னாகத் தாவுகிறது. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளையின் உயரத்திற்கு வளரும் அந்தக் காயைச் சந்தைப் பையில் போடுவது எப்படி என்ற கேள்வியை எந்த விளைச்சல் அட்டவணையும் கேட்பதில்லை.

வீட்டுத் தோட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் அந்த 33 கிலோ வேறு விதமாகத் தெரிகிறது. ஒரு குடும்பத்திற்கு ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு நாள் சாம்பாருக்கும், இடையில் ஒருநாள் சொதிக்கும் வேண்டிய காயைப் பெரும்பாலும் ஒற்றைச் செடியே தந்துவிடும். ஆனால் கோடைக் காய்ப்பில் அக்கம்பக்கத்திற்குக் கொடுத்தும் தீராமல் தந்துவிட்டு, மழை மாதங்களில் பூவை உதிர்த்துவிட்டுக் கைவிரித்துவிடும். இங்கே பயனுள்ள எண் ஆண்டின் மொத்த எடையைவிட, காய் கிடைக்கும் வாரங்களின் எண்ணிக்கை. அந்த நோக்கில், எடையில் பின்தங்கினாலும் ஆண்டின் பெரும்பகுதி பூத்துக்கொண்டிருக்கும் செம்முருங்கை வீட்டுக்கு நல்ல வகையாகிவிடுகிறது. நீண்ட காய்க்குப் பெயர்போன யாழ்ப்பாண முருங்கையும் சாவகச்சேரி முருங்கையும் கடலுக்கு அப்பாலுள்ள ஊர்களின் பெயரோடு தமிழ்நாட்டு வகைப் பட்டியலில் நிற்கின்றன, 1906இல் வ.உ.சி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விட்ட இந்தக் கரையில் அப்பெயர்கள் அயலாகத் தோன்றுவதற்கில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: முருங்கை அயல் மகரந்தச் சேர்க்கையுள்ள தாவரம்; பல வகை முருங்கைகள் அருகருகே நிற்கும் தெருவில் பி.கே.எம். 1 செடியிலிருந்து எடுத்த விதை, அடுத்த தலைமுறையில் பி.கே.எம். 1 ஆகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. செடிமுருங்கையை ஒப்பிடுவோர் பல நேரங்களில் ஒப்பிடுவது வகைகளின் பெயர்களை மட்டுமே.

நெருக்கத்தைப் பற்றி மரபில் இன்னொரு பழமொழியும் உண்டு: அடர விதைத்தால் போர் உயரும், கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும். கலக்க என்றால் இங்கே இடைவிட்டு. போர் என்பது வைக்கோல் போர். நெருக்கமாக விதைத்தால் மொத்தப் பயிர்த்திரள் குறையாது, ஆனால் அது தாளாகப் போய்விடும். தானியம் வேண்டுமென்றால் விலக்கி விதைக்கவேண்டும் என்பது கருத்து. ஜப்பானியச் சூழலியலாளர் தத்சுவோ கிராவும் அவருடைய குழுவினரும் 1953இல் பயிர் நெருக்கத்தை ஆராய்ந்து ஒரு விதியை முன்வைத்தனர்: ஒரு குறிப்பிட்ட அடர்த்தியைத் தாண்டியபின் எத்தனை செடி நட்டாலும் ஒரே பரப்பிலிருந்து கிடைக்கும் மொத்தத் தாவர எடை ஏறத்தாழ மாறாமல் நிற்கும், செடியின் எண்ணிக்கை கூடுகிற அளவுக்கு ஒவ்வொரு செடியும் சிறுத்துவிடும். 1960இல் ஹாலிடே என்ற ஆய்வாளர் இதைப் பயிர்வாரியாகப் பிரித்துக் காட்டினார். இலை, தண்டு போன்ற உடல் பகுதியே விளைச்சலாக இருந்தால் நெருக்கம் கூடக்கூட விளைச்சல் ஏறி ஓரிடத்தில் மட்டமாக நின்றுவிடும். காய், விதை போன்ற இனப்பெருக்கப் பகுதி விளைச்சலாக இருந்தால் ஏறி, உச்சியைத் தொட்டு, பின்னர் இறங்கும். போரும் களஞ்சியமும் என்று பழமொழி பிரித்த அதே இடத்தில்தான் ஹாலிடேயின் இரண்டு வளைகோடுகளும் பிரிகின்றன. வீட்டுத் தோட்டத்திற்கு இதன் பொருள் நேரடியானது: தண்டுக்கீரையையும் அரைக்கீரையையும் தூவி நெருக்கலாம், கூடிப்போனால் இளங்கீரையாகப் பிடுங்கிக்கொள்ளலாம்; கத்தரியையும் மிளகாயையும் அப்படி நெருக்கினால் தழைதான் மிஞ்சும்.

தரையில் உணரப்பட்ட இதே சிக்கல் இந்தக் கரையை ஒட்டிய கடலடியிலும் உணரப்பட்டதுண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் படியும் கடலடிப் பாறைத்திட்டுகள் பார் எனப்படும். முத்துக்குளிப்பு நடத்துவதற்கு முன்னால் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிடுவது வழக்கமாக இருந்தது. அங்கே வகுக்கும் எண் ஆயிரம் சிப்பி. 1902இல் இலங்கை அரசுக்காக வளைகுடாவின் பார்களை ஆராய வந்த வில்லியம் ஹெர்ட்மன், பின்னர் 1903 முதல் 1906 வரை வெளியான தம் அறிக்கையில், சிப்பிகள் அழிவதற்கான காரணங்களில் மணல் மூடுவதோடும் மீன்களாகிய பகைகளோடும் இளஞ்சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிவதையும் சேர்த்தார். நெரிசலான இடத்திலிருந்து இளஞ்சிப்பிகளைப் பெயர்த்துப் பாதுகாப்பான பார்களில் இடவேண்டும் என்றும் பரிந்துரைத்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாணத்தின் மீன்வளப் பணியில் இருந்து தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களையும் ஆராய்ந்தவர். நாற்றங்காலில் கலைத்து நடுவதற்கும் பாரில் பெயர்த்து இடுவதற்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. ஆனால் கடலடியில் பயிரின் இடைவெளியைக் கட்டுப்படுத்தும் கை மனிதனுடையதாக இல்லை. தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

இடைவெளியைப் பொறுத்துத்தான் வகை வெல்லும் தோற்கும் என்பதற்குத் தக்காளி எளிய சான்று. பெரியகுளம் பி.கே.எம். 1 தக்காளி, தேனிக்கருகிலுள்ள அன்னஞ்சி நாட்டு வகையிலிருந்து கதிரியக்க முறையால் தூண்டப்பட்ட பிறழ்வில் கிடைத்தது. கோயம்புத்தூர் கோ 3, கோ 1 வகையின் பிறழ்வு, குறுகிய கட்டுடல் கொண்டது, நெருக்கி நடுவதற்கென்றே ஏற்றது என்று சொல்லப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே 60க்கு 45 செ.மீ. சட்டத்தில் நட்டு ஒப்பிடுகிறவர், சின்ன உடம்புக்காரனுக்குப் பெரிய சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு அவன் ஒல்லி என்று சொல்வதற்கு ஒப்பான தவறைச் செய்கிறார். நியாயமான ஒப்பீடு ஒவ்வொரு வகைக்கும் அதற்குரிய இடைவெளியைக் கொடுத்து, பிறகு இரண்டையும் ஒரே பரப்பின் விளைச்சலாக மாற்றிப் பார்ப்பது. இதனால்தான் வேளாண் ஆய்வில் வகையும் இடைவெளியும் தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று குறுக்கிட்டே சோதிக்கப்படுகின்றன.

வீட்டுத் தோட்டத்திற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பரிந்துரை நூல்கள் அதைக் கடந்து போய்விடுகின்றன. கத்தரிக்குப் பரிந்துரைக்கப்படும் 60 செ.மீ. சதுர இடைவெளியில் ஒரு எக்டரில் ஏறத்தாழ 27,700 செடி நிற்கும். அவற்றுள் நான்கு ஓரங்களிலும் நிற்பவை நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஓரத்துச் செடிக்கு ஒரு பக்கத்தில் போட்டியில்லாததால் ஒளியும் வேரிடமும் கூடுதலாகக் கிடைத்து அது மிகுந்து காய்க்கும். இதை ஓரவரிசை விளைவு என்பர். ஆராய்ச்சி நிலையங்களில் அந்த மிகுதி உண்மை விளைச்சலைத் திரித்துவிடக்கூடாது என்பதற்காக ஓரவரிசைகளை எடை போடாமல் தள்ளிவிடுவதே நடைமுறை. வீட்டில் மூன்று வரிசையில் வரிசைக்கு ஆறாக நட்ட 18 கத்தரியில் 14 ஓரத்திலும் நான்கு மட்டுமே உள்ளேயும் நிற்கின்றன. ஆராய்ச்சியாளர் எதைத் தள்ளுகிறாரோ அதுவே வீட்டுத் தோட்டத்தின் பெரும்பகுதி. ஆகவே வயலுக்குச் சொல்லப்பட்ட இடைவெளி வீட்டுக்கு வரும்போது சற்று நெருக்கிக்கொள்ளத்தக்கது என்று ஒருவர் வாதிடலாம். மதிற்சுவர், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி என்று ஒளியை மறிப்பவை ஒருபுறம் இருந்தால் அந்த ஓரம் ஓரமே அல்ல என்ற திருத்தத்தோடு அதை ஏற்றுக்கொள்ளலாம். மாடியில் பைகளில் வளர்ப்போருக்கு வேரின் எல்லையைப் பையே தீர்மானித்துவிடுவதால், மேலே இலை மோதாமல் வைப்பது ஒன்றே இடைவெளி.

ஒப்பீட்டிற்கும் இந்த ஓர விளைவு தடைதான். வல்லநாட்டுக்கு அருகிலுள்ள கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, குளத்தூர் நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுத்த கே.கே.எம். 1 கத்தரி முட்டை வடிவில் பால்வெள்ளையாகக் கொத்தாகக் காய்ப்பது. எக்டருக்கு 37 டன் என்பது அதற்குச் சொல்லப்படும் விளைச்சல். 60 செ.மீ. இடைவெளியில் நின்றதாகக் கொண்டால் இது செடிக்கு ஏறத்தாழ 1.3 கிலோ. மூன்று செடி கே.கே.எம். 1ஐக் கிழக்குச் சுவரோரமும் மூன்று செடி வீரிய ஒட்டுக் கத்தரியை வெட்டவெளியிலும் நட்டு, ஒட்டு இரு மடங்கு காய்த்தது என்று ஒருவர் முடிவு கட்டினால் அவர் கண்டது சுவரின் நிழலை. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இதே தடுமாற்றத்தைத் தீர்க்க முனைந்த ரொனால்ட் ஃபிஷர், 1935இல் வெளியான தம் நூலில் முன்வைத்த வழி வீட்டுக்கும் பொருந்தும்: ஒவ்வொரு வகையையும் பல இடங்களில் மீண்டும் மீண்டும் நடுவது, எந்தக் குழியில் எது என்பதைக் கண்ணால் தேர்ந்தெடுக்காமல் காசைச் சுண்டியோ சீட்டெடுத்தோ முடிவு செய்வது. ஆறு குழியானாலும் இதைச் செய்ய முடியும். ஒரே வகைச் செடிகளுக்குள்ளேயே எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பது அப்போது தெரிந்துவிடும். இரு வகைகளுக்கிடையிலான வேறுபாடு அந்த ஏற்றத்தாழ்வைத் தாண்டவில்லை என்றால், பிடித்த சுவையுள்ள வகையை வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இவ்வளவும் தண்ணீர் நல்லதாகவும் போதுமானதாகவும் இருக்கும் ஊருக்குச் சொன்னவை. தூத்துக்குடியில் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மி.மீ.; அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் தோட்டம் குடத்தை நம்பி நிற்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்பது ஒரு லிட்டர். இலை முழுவதும் மூடிய பாத்தி இந்தக் கரையின் வெயிலிலும் காற்றிலும் நாளொன்றுக்கு ஐந்தாறு மி.மீ. நீரை ஆவியாக்கும், 10 சதுர மீட்டர்ப் பாத்திக்கு 50, 60 லிட்டர், அதாவது நாள்தோறும் நான்கு குடம். இலை தரையை முழுவதும் மூடிவிட்டபின் நீர்ச்செலவு செடிகளின் எண்ணிக்கையை ஒட்டிக் கூடுவதில்லை, மூடிய பரப்பை ஒட்டியே நிற்கிறது என்பது இங்கே முக்கியமானது. விலக்கி நட்ட பாத்தியில் செடிகளுக்கிடையிலுள்ள வெற்றுமண்ணும் தண்ணீரைக் குடித்து ஆவியாக்கிவிடுகிறது. அந்த நீர் காயாவதில்லை. எனவே குடத்தால் ஊற்றி வளர்க்கும் சிறு பாத்தியில், இலைகள் விரைவில் ஒன்றோடொன்று தொடும்படி அமைந்த இடைவெளி, அல்லது இடையில் சருகு, வைக்கோல் மூடாக்கு, இவற்றில் ஒன்று இல்லாமல் செடிகளை விலக்கி நடுவது தண்ணீர்க் கணக்கில் நட்டம். கரிசலின் மானாவாரிக்கு இது நேர் எதிர். மழை தந்த ஈரத்தை மண்ணில் சேர்த்து வைத்துக்கொண்டு அதையே பங்குபோட்டு உண்ணவேண்டிய செடிக்கு அகன்ற இடைவெளியே பாதுகாப்பு. குண்டு மிளகாயும், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் தந்த கே 1, கே 2 மிளகாய்களும் வளர்ந்த சூழல் அது. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுவோர் கரிசல் மானாவாரிப் பரிந்துரையைப் பின்பற்றுவதும், மானாவாரிக்காரர் வீட்டுப் பாத்தியைப் பார்த்து நெருக்குவதும் ஒரே வகைத் தவறு.

இனி உப்பு. நீரிலும் மண்ணிலும் கரைந்துள்ள உப்பின் அளவை, அது மின்சாரத்தைக் கடத்தும் திறனைக் கொண்டு, டெசிசீமன்ஸ் என்ற அலகில் சொல்வர். மாஸ், ஹாஃப்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1977இல் தொகுத்த அட்டவணை, எந்தப் பயிர் எந்த உப்பளவு வரை விளைச்சல் குன்றாமல் தாங்கும் என்பதைக் காட்டுகிறது: மண்ணின் நிறைநீர்ச் சாற்றில் மீட்டருக்கு 1.0 டெசிசீமன்ஸ் வந்தாலே பீன்ஸும் கேரட்டும் குன்றத் தொடங்கிவிடும், வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5, பீட்ரூட் 4.0, தட்டைப்பயறு 4.9 வரை தாங்கும். ஒரு பயிருக்கும் இன்னொரு பயிருக்கும் இடையே இங்கே நான்கைந்து மடங்கு வேறுபாடு இருக்கிறது. ஒரே பயிரின் இரு வகைகளுக்கிடையே இவ்வளவு இடைவெளியைக் காண்பது அரிது. உவர்நீர்க் கிணற்றை நம்பிய வீட்டில் பீன்ஸின் எந்த வகை நல்லது என்று தேடுவது வீண்வேலை. பந்தலில் தட்டைப்பயற்று இனத்தின் தட்டாங்காயைப் படரவிட்டு, பீன்ஸைக் கொடைக்கானல் மலையிலிருந்து வாங்கிக்கொள்வதே கணக்கு. இப்படி ஓர் ஊரில் எந்தக் காய் வளரவே கூடாது என்று சொல்லும் துணிவு வீட்டுத் தோட்டக் கையேடுகளில் காணக் கிடைப்பதில்லை.

உப்பு நடவின் இடத்தையும் மாற்றுகிறது. வாய்க்கால் போன்ற சால்களுக்கு இடையே உயர்த்திக் கட்டும் மண்மேட்டையும் உழவர் பார் என்றே சொல்வர். சாலில் பாயும் நீர் மண்ணின் வழியே மேலேறிப் பாரின் உச்சியில் ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. உச்சியில் வெள்ளைப் பூச்சு படிவதைக் கண்ணால் காணலாம். ஆகவே நல்ல தண்ணீரில் பாரின் உச்சியிலோ பக்கத்திலோ எங்கு நட்டாலும் பெரிய வேறுபாடில்லாத செடி, உவர் தண்ணீரில் பக்கவாட்டில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே நடப்படவேண்டும். 45 செ.மீ. பார்களின் இருபுறமும் 10 செ.மீ.க்கு ஒன்றாகச் சின்ன வெங்காயம் ஊன்றும் வழக்கம் இந்த இடத்தில் தற்செயலாகவே நல்ல பலன் தருகிறது. சாலில் ஊற்றாமல் செடியின் அடியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறவர் உப்பை வேரைச் சுற்றி வளையமாகச் சேர்த்துவிடுவதால், அவ்வப்போது நிறைய ஊற்றிக் கழுவிவிட வேண்டும். மழை கொட்டும் நாள்களில் அந்த வேலையை மழையே செய்துவிடுகிறது. அதனால்தான் இக்கரையில் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ மண்ணுக்குள் போகும் விதை, கோடையில் போன அதே விதையைவிட நன்றாக முளைக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது காவிரிக்கும் கொங்குக்கும் பொருந்தும் அளவுக்கு இந்தக் கரைக்குப் பொருந்துவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் காற்று மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வறண்டு வருகிறது. நாற்று நட்ட அன்றே அதன் இலை ஓரம் கருகிவிடும். அந்தக் காலத்தில் நடவேண்டியிருந்தால் மேற்குப் பக்கத்தில் அகத்தியை நெருங்கிய வரிசையாக வைத்துக் காற்றை உடைப்பதும், அதற்குக் கிழக்கே செடிகளை வழக்கத்தைவிடச் சற்று நெருக்கி ஒன்றை ஒன்று மறைக்க விடுவதும் உதவும். ஆத்தூர்க் கொடிக்கால்களில் வெற்றிலைக்கு அகத்தி கொழுகொம்பாகவும் நிழலாகவும் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய யோசனையாக இராது. அகத்தி ஒரு முழ இடத்தையும் கொஞ்சம் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும். கீரையாகவும் பூவாகவும் அதற்கு விலை கொடுத்துவிடும்.

ஒரு வகையை ஆடியிலும் மற்றொன்றை ஐப்பசியிலும் விதைத்து ஒப்பிட்டால், கணக்கில் பதிவாவது காற்றுக்கும் மழைக்கும் உள்ள வேறுபாடு. ஒரே நாளில், மாறி மாறி வந்த குழிகளில் நட்டு, பறித்த நாளையும் எடையையும் அந்த வாரம் ஊற்றிய குடத்தையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால், பருவ முடிவில் குடத்திற்கு இத்தனை கிராம் என்ற எண் கையில் இருக்கும். சீனியவரையை 45க்கு 15 செ.மீ.யில் நெருக்கியதும் கத்தரியை 60 செ.மீ.யில் விலக்கியதும் அந்த எண்ணால்தான் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட முடியும். சென்ற ஆண்டு நாட்டு விதையும் இந்த ஆண்டு ஒட்டு விதையும் எவ்வளவு வேறுபட்டன என்பதும் அதே எண்ணால் சொல்லப்படும். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நாள்களின் எண்ணிக்கை மாறும்போது, முன்பு வென்ற வகை தோற்பதும் உண்டு.